ஒன்பது மீட்டர் சாலையும் உன் சிம்பாவும்

என் மூத்த மகன் ஒயூகிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது உன் உடம்பில் காய்ச்சல் இல்லாமல், வயிறு காயாமல், மேலதிகாரியின் வாயில் உன்னைப் பற்றி நல்ல வார்த்தையோடு நீ இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சுகம்தான். முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே குடையத் தொடங்கிவிடுகிறது, ரேடியோவில் சொல்வதைவிட அது சொல்வது சரியாக இருப்பதால் நானும் அதோடு சண்டைக்குப் போவதில்லை. கறுப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி, நெற்றியில் யாரோ மாவுக் கையால் தொட்ட மாதிரி வெள்ளை. உன் தங்கை அக்கெயோ மொம்பாசாவில் சுகம், சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதாம், என்னைக் கடிக்கக் கூட்டிவருகிறேன் என்கிறாள், டிசம்பரில் என்றாள், போன டிசம்பரிலும் அப்படித்தான் சொன்னாள், பிள்ளை குட்டிக்காரி, பாவம். மாதா கோயில் கூரைக்கு இரண்டு தகரம் இன்னும் குறைகிறது, பாட்டுப் பாடுகிற பெண்கள் பக்கம் மட்டும் மழை ஒழுகுகிறது, அதனால் மழைக் காலத்தில் நம் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, பிரசங்கம்தான் முடிவதில்லை.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது மூன்று தரம் வாயெடுத்தேன், அங்க எல்லாம் நல்லா இருக்காப்பா என்று நீ கேட்டாய், நல்லா இருக்கு என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, பிறகு உனக்கு வேலை நேரம் வந்துவிட்டது. ஐம்பது வயதில் உன் அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கோயிலில் எழுத்துக் கற்றவன் நான், கோணல் மாணலாக இருந்தாலும் பொறுமையாகப் படி. விஷயம் உன் சிம்பா பற்றியது. வாசலுக்கு வலப்பக்கம் நீ பதினேழு வயதில் உன் கூட்டாளிகளை வைத்துக் கட்டினாயே, வளர்ந்த மகன் தனக்கென்று கட்டிக்கொள்கிற அந்த வீடு. அது நிற்குமா விழுமா என்பதுதான் மூன்று மாதமாக இங்கே என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி மாத வாக்கில் நகரத்தின் எல்லை நம் ஊரைத் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் யாரும் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. பள்ளிக்கூடச் சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டினார்கள், நம் ஊர் கன்யகீலோ முழுவதும் அதில் இருந்தது, மஞ்சள், ஊதா, பச்சை என்று துணிக்கடை மாதிரி. மஞ்சள் என்றால் வீடுகள் மட்டும், ஊதா என்றால் கடை வைக்கலாம், பச்சை என்றால் யாரும் ஒன்றும் கட்டக் கூடாது. ஊரே அதன் முன்னால் நின்று தன்னைத் தானே தேடிக்கொண்டிருந்தது. கிழவர் ஒகேச்சுக்கு அவர் வீடு கிடைக்கவே இல்லை, கடைசியில் யாரோ விரல் வைத்துக் காட்டியதும், "என்னய்யா இது, என்னைப் பச்சையில போட்டிருக்கான், நான் என்ன புல்லா" என்று ஒரே கூச்சல். வீடு சதுப்பு நிலத்தை ஒட்டி இருப்பதால் பச்சையாம். அவருடைய ஆடுகள் மட்டும் சரியான நிறத்தில் இருக்கின்றன என்று ஒடேரா சொன்னான், பக்கத்து வீட்டு ஒடேராவின் வாய் உனக்குத் தெரியும், அது இன்னும் குறையவில்லை. நான் நம் வீட்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கறுப்புக் கோடு நேராக வந்து நம் வாசலை உரசிக்கொண்டு போனது. ஒன்பது மீட்டர் சாலை. சாலை ஓரத்திலிருந்து இன்னும் மூன்று மீட்டருக்கு எதுவும் நிற்கக் கூடாது, சுவரோ கூரையோ எதுவும். அந்த மூன்று மீட்டருக்குள்ளேதான் உன் வீடு இருந்தது. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது மகனே. வீடு எங்கே நிற்க வேண்டும் என்கிற சட்டம் நம்மிடம் இல்லாததா. பெரிய மனைவியின் வீடு வாசலைப் பார்த்து, மூத்தவன் வலப்பக்கம், இளையவன் இடப்பக்கம், யார் முன்னால் கட்டுவது, யார் பின்னால் கட்டுவது, இதில் ஒன்று மாறினாலும் வீட்டில் வியாதி வரும் என்று பயந்து பயந்து கட்டினவர்கள் நாம். இவர்கள் சட்டத்தை மீறினால் வியாதி வராது, மண் தள்ளுகிற வண்டி வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் ஒட்டிய அடுத்த வாரம் நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் முவெண்டே, கம்பா இனத்துப் பெண், உன் வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும், கையில் அளக்கிற நாடா, காலில் நம் ஊர்ச் சேற்றுக்கு ஆகாத செருப்பு. பெரிய வீட்டை அளந்தாள், மாட்டுக் கொட்டிலை அளந்தாள், பிறகு உன் வீட்டின் முன் நின்று, "இங்க யாரு குடியிருக்காங்க பெரியவரே" என்று கேட்டாள். "என் மகன்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் பொய் சொன்னதாக நினைக்காதே. ஒரு மகனின் சிம்பாவைப் பார்த்து, காலி, யாரும் இல்லை என்று பெற்றவன் வாயால் சொல்வது நம்மிடம் உண்டா. உயிரோடு இருக்கிறவனுக்குக் குழி வெட்டுகிற பேச்சு அது. நீ கத்தாரில் இருந்தாலும், நிலாவில் இருந்தாலும், அங்கே குடியிருக்கிறவன் நீதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று அவள் போன பிறகுதான் ஒடேரா சொன்னான். ஆள் குடியிருக்கிற வீடாக இருந்தால் அதை இடிக்க மாட்டார்களாம், சாலைக் கோட்டை வளைப்பார்களாம். ஆள் இல்லாத வீடு என்றால் கேள்வியே கிடையாதாம். "நல்ல பதிலாச் சொன்னீங்க ஒயூகி அப்பா, இனிமே அதையே புடிச்சிக்கோங்க" என்றான்.

பிடித்துக்கொண்டேன். ஆனால் குடியிருக்கிறவரை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம், அதனால் முவெண்டே மறுபடி வந்தாள். "மகன் எங்கே" என்றாள், "வேலைக்குப் போயிருக்கான்" என்றேன். "எப்ப வருவாரு" என்றாள், "வேலை முடிஞ்சதும்" என்றேன். இதில் எதுவும் பொய் இல்லை. காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்தாள், நான் பால் ஊற்றி டீ போட்டேன், இரண்டு கோப்பை கழுவி ரொம்ப நாளாகியிருந்தது, ஒன்றின் பிடி உடைந்திருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அப்பா இறந்துவிட்டாராம், அம்மா மச்சாகோஸ் பக்கம் தனியாக இருக்கிறாளாம், மாதம் ஒரு தடவை போவாளாம். மாதம் ஒரு தடவையா என்று கேட்டேன், கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். உண்மையைச் சொல்கிறேன், புதன்கிழமை வந்தால் நான் காலையிலேயே முற்றம் பெருக்கி, சட்டை மாற்றி, ஏரியிலிருந்து மீன் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். உன் வீட்டை இடிக்கலாமா என்று பார்க்க வருகிறவள் அவள், அது எனக்கு நினைவிருந்தது, ஆனாலும் அவளுடைய செருப்புச் சத்தத்துக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மனிதக் குரல் இல்லாமல் போன வீட்டில் காது அப்படித்தான் கெட்டுப்போகிறது.

நாலாவது தடவை அவள், "ஆளைத்தான் பாக்க முடியல, உள்ளயாவது காட்டுங்க, எத்தனை அறைன்னு எழுதணும்" என்றாள். சாவி என் கதவோரத்து ஆணியில்தான் தொங்குகிறது, எடுத்துக் கொடுத்துவிட்டு நான் முற்றத்திலேயே நின்றேன். "நீங்க வரலையா" என்றாள். "மகன் வீட்டுக்குள்ள அப்பன் கால் வைக்கிறதில்லம்மா" என்றேன். "அப்ப யாரு கூட்டிப் பெருக்குறது" என்றாள். "அவன் அம்மாதான் தினமும் பெருக்குவா. அவ போய் நாலு வருஷமாச்சு" என்று சொல்லி முடித்த பிறகுதான் என் வாயே என்னை மாட்டிவிட்டது புரிந்தது. அவள் சாவியைத் திருப்பவே இல்லை. பூட்டு துருப்பிடித்திருப்பதைப் பார்த்தாள், வாசற்படியில் கறையான் புற்று கட்டியிருப்பதைப் பார்த்தாள், சாவியை என் கையில் திரும்பக் கொடுத்தாள். பிறகு, "பெரியவரே, ராத்திரில நீங்களே அங்க படுத்துக்கோங்க, ஒரு கட்டிலும் ஒரு விளக்கும் போதும், ஆள் குடியிருக்குன்னு நான் மனசாட்சியோட எழுதிடுவேன்" என்றாள். நல்ல மனசுக்காரி. ஆனால் மகனுடைய கட்டிலில் அப்பன் படுப்பதாவது. அதற்கு வீடே இடிந்து போகலாம் என்றேன். "அப்படின்னா பொதுக் கூட்டத்துலதான் கேக்கணும், ஊர்க்காரங்க சொல்றதைத்தான் எழுத முடியும்" என்று போய்விட்டாள்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். மேசை போட்டு மூன்று பேர், நடுவில் கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி, ஓரத்தில் முவெண்டே. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு நம் முறை வந்ததும் அந்த அதிகாரி எழுந்து, "இந்த வாசலோரத்து வீட்டில் ஒயூகி என்பவர் குடியிருக்கிறாரா, தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்றார். அப்புறம் ஒடேரா எழுந்தான் பார், "என்ன கேள்வி சார் இது, நேத்து ராத்திரி பூரா அவன் ரேடியோச் சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல. வேலிகிட்ட நின்னு, டேய் கொஞ்சம் குறைடான்னு கத்தினேன், கூட்டி வச்சான்" என்றான். உடனே மீன்காரி ஜெரூசா, "செவ்வாக்கிழம எங்கிட்டதான் மீன் எடுத்தான், கூடையக் கொட்டி அடியில இருக்குற பெரிய மீனாப் பொறுக்குறான், அவங்கம்மா பழக்கின நாக்கு" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் நீ அவனுடைய மண்வெட்டியை வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்று சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். "முப்பத்துமூணு வயசாச்சு, முதல்ல அவனுக்கு ஒரு பொண்ணு பாருங்கய்யா, சாலை அப்புறம் போடலாம்" என்று இன்னொருத்தி. யாரும் அவர்களிடம் சொல்லி வைக்கவில்லை மகனே. மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் உன்னை ஏழு வருஷமாகக் கண்ணால் பார்க்கவில்லை என்று தெரியும். பெற்றவன் உட்கார்ந்திருக்கும்போது மகன் வீட்டைக் காலி என்று சொல்ல ஒரு நாக்கும் வளையவில்லை, அவ்வளவுதான். கடைசியாகக் கிழவர் ஒகேச் தடியை ஊன்றி எழுந்து, "தம்பி கொஞ்சம் மெலிஞ்சு போயிட்டான், அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே மெலிந்துவிட்டாயா, சரியாகச் சாப்பிடுகிறாயா என்று அங்கேயே எழுந்து அவரைக் கேட்கப் பார்த்தேன். அதிகாரி சிவப்புப் பென்சிலால் படத்தில் ஏதோ வளைத்தார், வீடு நிற்கும் என்றார்கள், எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். திரும்பும் வழியில் ஜெரூசாவிடம் இரண்டு மீன் வாங்கினேன். அடுப்பு மூட்டின பிறகுதான் இரண்டு எதற்கு என்று யோசித்தேன்.

மறுநாள் காலை எதிர்ப்பக்கத்தில் சிவப்பு முளை அடித்திருந்தார்கள். கோட்டை நம் பக்கமிருந்து வளைத்தால் அது எதிர்ப்பக்கம்தானே போகும், இது ஒரு பெரிய கணக்கா, ஆனால் கூட்டத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வாசலுக்கு எதிரே, வேலிக்கு அப்பால் நிற்கிற ஒடேராவின் மாவு மில்லுக்கு நடுவில் முளை. எஞ்சின் இருக்கிற கொட்டகையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வீடு என்றால் காப்பாற்றுவார்களாம், மில் வீடு இல்லையாம். அதுவும் மஞ்சள் நிறத்துக்குள் மில்லே இருக்கக் கூடாதாம், பழையதாயிற்றே என்று விட்டுவைத்திருந்தார்களாம், சாலை வந்தால் போய்விட வேண்டியதுதானாம். ஒடேரா முளையைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்னைப் பார்த்ததும், "மில்லுக்குக் காலு இருந்தா நடந்து போயிருக்கும்" என்று சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முவெண்டேயிடம் போய், நான் கூட்டத்தில் சொன்னது பொய், அந்தப் பையன் ஊரிலேயே இல்லை என்றால் போதும். முதல் நாள் காத்திருந்தேன். இரண்டாம் நாளும். அவன் சொல்லவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து தினமும், "ஒயூகி அப்பா, எழுந்தாச்சா" என்று கூப்பிடுவானே, அதை மட்டும் நிறுத்திவிட்டான். கோபத்தில் இல்லை, என் முகத்தைப் பார்த்தால் ஏதாவது வாயில் வந்துவிடுமோ என்கிற பயத்தில். அந்த நாலு நாள் எப்படிப் போயிற்று என்று உனக்கு நான் எழுத முடியாது. மில் ஓடும்போது அங்கே சோளத்தோடு வந்து நிற்கிற பெண்கள் வேலி வழியாக ஏதாவது பேசுவார்கள், மாடு எப்படி, கால் எப்படி என்று, அந்தப் பேச்சில்தான் என் பகல் போகும். அந்த எஞ்சின் சத்தம் இல்லாவிட்டால் இந்த முற்றத்தில் நானும் கோழியும்தான்.

ஐந்தாம் நாள் வேனில் ஏறி நகரத்துக்குப் போனேன். முவெண்டே ஒரு மேசை நிறையப் படச் சுருள்களுக்கு நடுவில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் வந்த காரியம் போய்விடும். "அந்த வீடு காலிம்மா" என்றேன். "ஏழு வருஷமா காலி. அவன் கத்தார்ல இருக்கான். அவன் அம்மாவை அடக்கம் பண்ணினப்பவும் லீவு தரல" என்றேன். இதை உன்மேல் குறையாகச் சொல்லவில்லை, அவள் கேட்காமலே வாயில் வந்துவிட்டது. "இதை ஏன் முதல்லயே சொல்லல" என்றாள். "பெத்தவன் வாயால சொல்லக் கூடாது" என்றேன். "இப்ப சொல்றீங்களே" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரன் சொல்லாம இருக்கானே" என்றேன். அவள் பேனாவை எடுத்து, "எழுதிடட்டுமா அப்பா" என்று கேட்டாள். எழுது என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன், மற்ற நாள்களைவிட அன்றைக்கு எழுத்து நேராக வந்தது. உன்னிடம் கேட்காமல் போட்டேன். கேட்டிருந்தால் நீயும் போடச் சொல்லியிருப்பாய், தெரியும், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும், அதற்கு மன்னித்துவிடு. நீ காவல் காக்கிற நாற்பது மாடிக் கட்டிடத்தில் இன்னும் ஒருவரும் குடிவரவில்லை என்று முன்னே சொன்னாயே, அதை யாரும் இடிக்க வரவில்லையே என்று திரும்பும் வேனில் நினைத்துக்கொண்டேன், அதற்குக் காவலுக்கு ஒரு மகன் இருக்கிறான்.

விஷயம் தெரிந்ததும் ஒடேரா வேலியைப் பிளந்துகொண்டு வந்து கத்தினான். "என்ன காரியம் பண்ணீங்க ஒயூகி அப்பா, மில்லுன்னா தகரமும் எஞ்சினும், இன்னொரு எடத்துல வச்சுக்கலாம், பிள்ளைய அப்படிச் சொல்லலாமா" என்று கண்ணில் தண்ணீரோடு கத்தினான். சத்தம் போடாமல் சாமானை எடுத்து வெளியே வை, நான் உள்ளே போக முடியாது என்றேன். துருப்பிடித்துச் சாவிக்குத் திறக்காத பூட்டை உடைத்து அவன்தான் உள்ளே போனான், நான் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். உன் தகரப் பெட்டி, கறையான் தின்ற பந்தாட்டக் காலணி, நீ ஊரை விட்டுப் போன வருஷத்துக் காலண்டர், மருந்துக்கடை பெயர் போட்டது. கட்டிலைத் தூக்கும்போது, "இது யாரோடது" என்று ஒரு துணியை நீட்டினான். உன் அம்மாவின் பூப்போட்ட லெசோ. தலையணைக்குப் பக்கத்தில் இன்னொன்று மடித்து வைத்திருந்ததாம், ஒரு ஜெபமாலையும் இருந்ததாம். உனக்கு நினைவிருக்காது, நீ போன பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் உன் வீட்டைப் பெருக்கப் போவாள், போனால் வெயில் சாய்கிற வரை வர மாட்டாள். ஒரு சின்ன அறையைப் பெருக்க இவ்வளவு நேரமா என்று நான் இங்கிருந்து கத்துவேன், மூலையெல்லாம் பெருக்க வேண்டாமா என்று அங்கிருந்து குரல் வரும். மூன்று வருஷம் அவள் பெருக்கவில்லை மகனே. உன் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவும் படுக்கக் கூடாதுதான், தெரிந்தேதான் படுத்திருக்கிறாள். நான் இங்கே தனியாக உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் அங்கே தனியாகப் படுத்து நினைத்துக்கொண்டிருந்தாள், நடுவில் இருபது அடி முற்றம், ஒரு நாள் கூட ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. மண் சுவர், எவ்வளவு நேரமாகப் போகிறது, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒடேரா மில்லை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான், சோளம் அரைக்க வந்த பெண்களும் வந்து நின்றார்கள். இப்போது என் கதவில் உட்கார்ந்தால் சாலை நேராகத் தெரிகிறது. முன்பெல்லாம் உன் வீடு மறைக்கும், யாராவது வாசலுக்குள் வந்த பிறகுதான் யார் என்று தெரியும், காலடிச் சத்தம் கேட்டு வாசலில் தலை தெரிகிற வரை, நீயாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் கிடைக்கும். இப்போது தூரத்தில் வரும்போதே நீ இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

திங்கட்கிழமை முவெண்டே வந்தாள், வேலை விஷயமாகத்தான் வந்தேன் என்று சொன்னாள், கையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. இனிமேல் ஒவ்வொரு வீட்டு நிலத்திலும் எங்கே என்ன கட்டப் போகிறோம் என்று முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிட வேண்டுமாம், வரையாத இடத்தில் பிறகு கட்ட விட மாட்டார்களாம். "மகனுக்கு எங்க" என்று கேட்டாள். முற்றத்தில் நடந்துபோய்ச் சாலையிலிருந்து ஒன்பது எட்டு உள்ளே தள்ளி, பழைய வரிசையிலேயே வலப்பக்கம், பெரிய வீட்டுக்கு முன்னால் போகாமல், நின்று காட்டினேன். அவள் நாடா பிடித்தாள், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். நகரத்துச் சட்டத்துக்கும் சரியாக வந்தது, நம் சட்டத்துக்கும் சரியாக வந்தது, அந்த ஒரு இடம்தான் இரண்டுக்கும் பொருந்தியது. அவள் காகிதத்தில் உன் வீட்டை வரைந்தாள், ஆனால் கோடாக இல்லை, புள்ளி புள்ளியாக. ஏன் இப்படி என்றேன். "நிக்கிற வீட்டுக்குத்தான் முழுக்கோடு அப்பா, வரப்போற வீட்டுக்குப் புள்ளி" என்றாள். இரண்டு வருஷத்துக்குள் கட்டினால் முழுக்கோடு போட்டுவிடுவார்களாம், கட்டாவிட்டால் புள்ளியை அழித்துவிடுவார்களாம்.

நான் கட்டி வைத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே. இடத்தைக் காட்டுவதுதான் அப்பனுடைய வேலை, முதல் குழியை மகன்தான் வெட்ட வேண்டும், அதில் எனக்கு உதவ ஒடேராவாலும் முடியாது, அந்தப் பெண்ணாலும் முடியாது. குழி வெட்டுகிற இடத்தில் ஒரு கல் வைத்திருக்கிறேன், கன்று அதை முட்டிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சாயங்காலமும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைக்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொள், பல் வலியைத் தள்ளிப் போடாதே, உன் அம்மாவுக்காக ஒரு பூசை சொல்லச் சொல். மேலே இருக்கிறவர் உன் நடையையும் உன் உறக்கத்தையும் காக்கட்டும், உன் கை தொட்டது தழைக்கட்டும், உன் பெயர் சொல்லி இந்த முற்றத்தில் பிள்ளைகள் ஓடட்டும். இரண்டு வருஷம் என்று அவள் சொன்னது இந்த மாதத்திலிருந்து, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்கு இடம் காட்டி வைத்திருக்கும் அப்பா,
சிலாஸ் ஒபூயா,
கன்யகீலோ.